ஃப்ரிட்ஜ் நின்றது யார் தப்பு

பெட்ரோலும் சாப்பாடும் விற்கிற ரோடுஹவுஸ் வாசலில் பிக்கப்பை நிறுத்தியதும் ரோண்டா முதல் காரியமாகப் பின்பக்கம் ஓடிப்போய், வண்டி பேட்டரியில் ஓடுகிற பெட்டி ஃப்ரிட்ஜைப் பார்த்தாள். மூன்று டிகிரி காட்ட வேண்டிய இடத்தில் ஒன்பது என்று காட்டியது. கண்ணைக் கசக்கிக்கொண்டு மறுபடி பார்த்தாள். அவள் பார்க்கட்டும் என்றே காத்திருந்ததுபோல் பத்துக்கு ஏறியது.

உள்ளே இறால். காலையில்தான் போர்ட் லிங்கன் துறையில் படகிலிருந்து இறங்கி, ரோண்டா வேலை பார்க்கிற கொட்டகையிலேயே வெந்து, ஆறி, பெட்டிக்குள் போனது. ஃப்ரிட்ஜ் கொள்ளுமட்டும் அடைத்திருந்தாள். நாளைக்கு மகள் டீகனுக்குக் கல்யாணம். மாட்டுப் பண்ணையில் கல்யாணம், மாட்டுப் பண்ணைக்காரனோடு கல்யாணம். மாப்பிள்ளை வீட்டாருக்கு வருஷம் முழுக்க மாட்டிறைச்சிதான். கடலைக் கண்டால் ஏதோ பெரிய குட்டை என்று நினைக்கிற ஜனங்கள்.

"அம்மா, வரும்போது இறால் கொண்டு வர்றியா?" என்று போன வாரம் டீகன் போனில் கேட்டிருந்தாள்.

இதில் என்ன இருக்கிறது என்று தோன்றலாம். டீகனின் இருபத்தோராவது பிறந்தநாள் விருந்தில், அடுப்புக்கு கேஸ் வாங்கி வர மறந்தது யார் என்று ரோண்டாவும் அவள் புருஷன் நெவிலும் அத்தனை விருந்தாளிகள் முன்னால் சண்டை போட்டார்கள். கறி வேகவில்லை. அந்தப் பெண் தனியாக நின்று தன் மெழுகுவர்த்தியைத் தானே ஊதி அணைத்தது. "இனிமே என் விசேஷம் எதுக்கும் நீங்க ரெண்டு பேரும் ஒண்ணும் கொண்டு வரவேண்டாம். வந்தா போதும். வராட்டாலும் சரி" என்று சொல்லிவிட்டு வடக்கே வேலைக்குப் போனவள், அதற்குப் பிறகு அம்மாவிடம் ஒரு குண்டூசிகூடக் கேட்டதில்லை. அந்த விருந்துக்குப் பிறகு ரோண்டா, நெவில் கல்யாணமும் முறிந்தது. வீடு நெவிலுக்கு, பிக்கப்பும் ஃப்ரிட்ஜும் ரோண்டாவுக்கு என்று பிரித்துக்கொண்டார்கள். இத்தனை வருஷம் கழித்து மகள் வாயைத் திறந்து ஒன்றைக் கேட்டிருக்கிறாள். அது இந்த வெயிலில் ரோட்டோரத்தில் கெட்டுக்கொண்டிருந்தது.

ரோண்டா பிளக்கைப் பிடுங்கி மறுபடி செருகினாள். விளக்கு எரிந்தது. உள்ளே மோட்டார் 'ட்ர்ர்ர்' என்று உயிர் பிடித்தது, அவள் மூச்சை இழுத்துவிடுவதற்குள் நின்றது. சிவப்பு விளக்கு கண்ணடித்தது. மறுபடி செருகினாள். மறுபடி அதே கதை.

"ஏன்டா என் உயிரை வாங்குற?" என்று ஃப்ரிட்ஜை ஒரு தட்டுத் தட்டினாள்.

நேரே கடைக்குள் ஓடி, "ஐஸ்! இருக்கிற ஐஸ் எல்லாம் கொடு" என்றாள்.

கடைக்காரி ஜோஸ்லின் கறி அடைத்த மீட் பைகளைச் சூட்டடுப்பில் அடுக்கிக்கொண்டிருந்தாள். நிமிராமலே உதட்டைப் பிதுக்கினாள். "ஒரு கட்டிகூட இல்ல செல்லம். காலைலேர்ந்து கார் காரா வந்து அள்ளிட்டுப் போயிட்டாங்க. வடக்கே ஏதோ பண்ணைல கல்யாணமாம். பீரைக் குளிர வைக்கணுமாம்."

"அது என் பொண்ணு கல்யாணம்."

"அப்படியா? வாழ்த்துக்கள்" என்றாள் ஜோஸ்லின், நிஜமாகவே சந்தோஷப்பட்டு.

அந்த நாட்டில் ரோட்டோரத்தில் ஒருவன் வண்டி மூடியைத் திறந்து வைத்தால் போதும், கூப்பிடாமலே கூட்டம் கூடும். ஃப்ரிட்ஜ் என்றால் கேட்கவே வேண்டாம். நிழலில் கேரவன் நிறுத்தியிருந்த கிளைவ் என்ற பெரியவர் மடக்கு நாற்காலியைக் கையோடு தூக்கிக்கொண்டே வந்துவிட்டார். வேலையிலிருந்து ஓய்வு பெற்று, நாட்டைச் சுற்றி வருகிற ஆள். வந்ததும் முதல் வேலையாக ஃப்ரிட்ஜ் மூடியைத் திறந்தார்.

"திறக்காதீங்க!" ரோண்டா மூடியின் மேல் விழாத குறையாகக் கையை வைத்தாள். "குளிர் போயிடும்."

"இல்லம்மா, சும்மா கையை விட்டுப் பார்க்கலாம்னு..."

"கையை விட்டா உள்ளே என்ன ஆகும்? உங்க கை என்ன ஐஸா?"

கிளைவ் கோபித்துக்கொள்ளவில்லை. அபிப்பிராயம் வைத்திருப்பவர்களுக்கு ரோஷம் குறைவு. முதல் அபிப்பிராயம் பிளக்குக்குள் இருக்கும் ஃப்யூஸ். திருகித் திறந்தார். உள்ளே இருந்த ஸ்பிரிங் ஃப்யூஸோடு துள்ளிப்போய்ச் செம்மண்ணில் விழுந்தது. இரண்டு பேரும் முட்டி போட்டுத் தேடினார்கள். ஈக்கள் அவர்களுடைய மூக்கிலும் கண்ணோரத்திலும் உட்கார்ந்து வேடிக்கை பார்த்தன. ஃப்யூஸ் கிடைத்தது, அதில் ஒரு குறையும் இல்லை.

இரண்டாவது அபிப்பிராயம் பேட்டரி. மீட்டர் கொண்டுவந்து வைத்துப் பார்த்துவிட்டு, "பேட்டரி குதிரை மாதிரி இருக்கு" என்றார். மூன்றாவதாக ஃப்ரிட்ஜையே சந்தேகப்பட்டார். ஜோஸ்லின் ஜன்னல் வழியே நீட்டிய நீள வயரில் வீட்டுக் கரண்டைக் கொடுத்தார்கள். ஃப்ரிட்ஜ் ஒன்றுமே நடக்காததுபோல் முனகிக்கொண்டு ஓடியது. பத்து ஒன்பதாயிற்று. ரோண்டாவுக்கு அதைக் கட்டிப் பிடித்து அழலாம் போலிருந்தது.

"அப்போ ஃப்ரிட்ஜ் நல்லா இருக்கு, பேட்டரி நல்லா இருக்கு" என்று கிளைவ் விரலை மடக்கினார். "நடுவுல போற வயர்தான் மட்டம். யாரும்மா இழுத்தது இதை?"

"என் முன்னாள் புருஷன்" என்றாள் ரோண்டா. சொல்லும்போதே மனசு குளிர்ந்தது. "ஆயிரம் தடவை சொன்னேன், தெரிஞ்சவன்கிட்ட குடு, அவன் செய்யட்டும்னு. எனக்குத் தெரியாததான்னு வண்டிக்கடியில போய்ப் படுத்தான். அவன் தொட்டது எது உருப்பட்டுது?"

இந்தப் பேச்சு ஜோராக நடந்துகொண்டிருக்கையில், செம்மண்ணைக் கிளப்பிக்கொண்டு ஒரு புது வண்டி வந்து பக்கத்தில் நின்றது. அதிலிருந்து, சட்டையை அயர்ன் செய்து போட்டுக்கொண்டு, நெவில் இறங்கினான். வடக்கே போவதற்கு இருப்பது ஒரே ரோடு, ஒரே ரோடுஹவுஸ். இதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை. இருந்தாலும் ரோண்டா ஃப்ரிட்ஜை மறைத்துக்கொண்டு நின்றாள்.

"ரோண்டா."

"நெவில்."

கிளைவ் இருவரையும் பார்த்துவிட்டு நாற்காலியை ஓரடி பின்னால் நகர்த்தினார். போகவில்லை, நகர்த்தினார்.

"என்ன, ஃப்ரிட்ஜ் மக்கர் பண்ணுதா?"

"நீ இழுத்த வயர் மக்கர் பண்ணுது."

அடுத்து என்ன வரும் என்று ரோண்டாவுக்கு மனப்பாடம். 'நான் போட்டப்போ நல்லாத்தான் இருந்துது, நீ என்ன பண்ணினியோ' என்பான். அதற்கு அவள் ஒன்று சொல்வாள், அதற்கு அவன் ஒன்று. டீகன் பள்ளிக்கூடம் போகிற வயதில், இந்தக் கட்டத்தில் அவளைக் கூப்பிட்டு நடுவில் நிறுத்துவார்கள். 'நீயே சொல்லுடி, யார் தப்பு?' அந்தப் பெண் அழுதுகொண்டே யாராவது ஒருவர் பெயரைச் சொல்லும். இன்னொருவர் அன்று ராத்திரி அதனிடம் பேசமாட்டார். நினைத்தால் இப்போதும் ரோண்டாவுக்கு வெட்கமாக இருக்கும்.

நெவில் வண்டிக்கடியில் குனிந்து பார்த்தான். வயரை இரண்டு விரலால் பிடித்து உருட்டினான். முகத்தில் ஈயாடவில்லை. அந்த ஊரில் அது சாதாரண விஷயமில்லை.

"ஸ்பீக்கர் வயர் இது" என்றான். "டீகன் ரூமுக்கு ரேடியோ மாட்டினப்போ மிச்சம் இருந்தது. இவ்வளவு ஒல்லியா இருந்தா கரண்டு போய்ச் சேர்றதுக்குள்ள பாதி செத்துடும். எனக்கு அப்போ தெரியல." நிமிர்ந்து கையிலிருந்த மண்ணைத் தட்டினான். "என் தப்புதான்."

ரோண்டாவுக்குக் காதில் விழுந்தது. ஆனாலும், "என்ன சொன்ன?" என்றாள்.

"என் தப்புன்னேன். எத்தனை தடவை சொல்லணும்?"

கல்யாணம் ஆன நாளிலிருந்து கல்யாணம் முறிந்த நாள் வரை அவள் காத்திருந்த வார்த்தை அது. கேஸ் சிலிண்டருக்கு வராதது, வண்டியை மரத்தில் மோதியபோது வராதது, ஒரு ஸ்பீக்கர் வயருக்கு வந்துவிட்டது. சந்தோஷப்படலாம் என்று பார்த்தால் கையும் ஓடவில்லை காலும் ஓடவில்லை.

"ஒண்ணு பண்ணு" என்றான் நெவில். "என் வண்டியில வை. கம்பெனிலயே தடி வயர் போட்டுக் குடுத்திருக்கான். ஜம்முனு ஓடும்."

"வேண்டாம்."

"ஏன்?"

"டீகன் கேட்டது என்னை."

"யார் கொண்டு போனா என்ன ரோண்டா? இறால் இறால்தானே."

"உனக்குப் புரியாது" என்று அவள் வண்டியைச் சுற்றி நடக்க ஆரம்பித்தாள். அவனுடைய வண்டி முன்னால் போய் நிற்கும், அவன் மூடியைத் திறப்பான், கடல் இறால் என்று எல்லோரும் வாயைப் பிளப்பார்கள், அவள் பின்னால் கையை வீசிக்கொண்டு இறங்குவாள். அதை நினைக்கவே தாங்கவில்லை. அதற்காக இறாலைக் கெடவிட முடியுமா? கெட்ட இறாலைக் கல்யாணப் பந்தியில் வைத்துவிட்டால் மகள் மூஞ்சியில் எப்படி முழிப்பது? இங்கேயே கரண்டில் போட்டுவிட்டு உட்காரவும் முடியாது, வெளிச்சம் போவதற்குள் மண்ரோட்டைத் தாண்டியாக வேண்டும். அதற்குப் பிறகு கங்காரு குறுக்கே பாயும். ஒரு சுற்று, இன்னொரு சுற்று. கிளைவ் அவளையே பார்த்துத் தலையை இடமும் வலமும் திருப்பிக்கொண்டிருந்தார்.

"யோசி. நான் ஒரு மீட் பை வாங்கிட்டு வரேன்" என்று நெவில் உள்ளே போனான்.

அவன் தலை மறைந்ததும் ரோண்டா ஃப்ரிட்ஜை மறுபடி தன் வண்டிப் பிளக்கில் செருகினாள். 'ட்ர்ர்ர்.' நின்றது. பட்டன்களைக் கண்டபடி அழுத்தினாள். திரையில் எண் போய் ஓர் எழுத்து வந்து மினுக்கியது. H.

"அய்யய்யோ" என்றார் கிளைவ், நாற்காலியில் இருந்தபடியே எட்டிப் பார்த்து. "ஹைல வச்சிருக்கீங்களா?"

"ஆமாம். நேத்து ராத்திரி நான்தான் வச்சேன். லோ, மீடியம், ஹைன்னு கேட்டுது. தூரம் போறோமே, பலமா ஓடட்டும்னு ஹை வச்சேன்."

"இதென்ன ஃபேனா, ஹைல வச்சா வேகமாச் சுத்த? இது பேட்டரிக்கான காவல்மா. ஹைன்னா ரொம்பப் பயந்த காவல்காரன். கரண்டு கொஞ்சம் தள்ளாடினாலே, பேட்டரி சாகப் போகுதுன்னு கதவைச் சாத்திடுவான். லோல வைங்க, கொஞ்சம் பொறுத்துக்குவான். என் ஃப்ரிட்ஜ லோல வச்சுத்தான் இந்த நாட்டையே சுத்தறேன். வயரு தடியா இருந்திருந்தா ஹைலயும் ஓடியிருக்கும். லோல வச்சிருந்தா இந்த ஒல்லி வயர்லயும் ஓடியிருக்கும். ரெண்டும் சேர்ந்ததுதான்..."

ரோண்டா லோவுக்கு மாற்றினாள். 'ட்ர்ர்ர்' என்றது. அவள் மூச்சைப் பிடித்துக்கொண்டாள். மோட்டார் ஒரு நொடி இழுத்தது, திணறியது, பிறகு நிதானமாக முனக ஆரம்பித்தது. நிற்கவில்லை. எட்டு என்று காட்டியது.

"பார்த்தீங்களா!" என்று கிளைவ் எழுந்தே விட்டார். "நான் போய் அவர்கிட்ட..."

"உட்காருங்க." ரோண்டா அவர் தோளைப் பிடித்து அமுக்கினாள். "வாயைத் திறந்தீங்க, இந்த நாற்காலியோட சேர்த்து மடக்கிடுவேன்."

கிளைவ் அவள் முகத்தைப் பார்த்தார். நாள் முழுக்கப் பேசுகிற மனுஷன், கிடைத்தற்கரிய ஒரு விஷயம் கையில் இருக்கும்போது வாயை மூட வேண்டி வந்ததே என்று தவித்துப்போனார். ஆனாலும் மூடிக்கொண்டார்.

நெவில் மீட் பையைக் கடித்தபடி வந்தான். தாடையில் தக்காளி சாஸ். ஃப்ரிட்ஜ் ஓடுவதைப் பார்த்து நின்றுவிட்டான். "எப்படி?"

"பிளக்கைக் கழட்டி நல்லா அழுத்தி மாட்டினேன்" என்றாள் ரோண்டா, ஃப்ரிட்ஜைப் பார்த்தபடி.

"அந்த வயர நம்பாத. வழியில நின்னுபோச்சுன்னா என்ன பண்ணுவ? நீ முன்னாடி போ, நான் பின்னாலயே வரேன். நின்னா என் வண்டியில மாத்திக்கலாம். பண்ணை கேட் பக்கம் வந்ததும் உன்கிட்டயே குடுத்துடறேன், நீயே எடுத்துட்டுப் போ. சரியா?"

அவ்வளவு தூரம் அவன் யோசித்துச் சொன்னது அவளுக்குச் சுருக்கென்றது. "சரி" என்றாள்.

மண்ரோட்டில் முன்னால் போகிறவனுக்குக் காற்று, பின்னால் வருகிறவனுக்குப் புழுதி. புத்தியுள்ளவன் நன்றாக இடைவெளி விட்டு வருவான். நெவில் விடவில்லை. ஃப்ரிட்ஜ் நின்று அவள் வண்டியை நிறுத்தினால் கண்ணில் பட வேண்டுமே என்று ஒட்டியே வந்தான். கண்ணாடியில் பார்த்தால் செம்புழுதிக்குள் இரண்டு மஞ்சள் விளக்கு மட்டும் தெரிந்தது. ரோடு முழுக்க வரிவரியாகக் குழி. பல்லோடு பல் அடித்துக்கொண்டது. ரோண்டா ஸ்டியரிங்கைப் பிடித்தபடி, காதைப் பின்னால் வைத்து மோட்டார் சத்தத்தைத் தேடினாள். ஒன்றும் கேட்கவில்லை. இறங்கி ஓடிப்போய்ப் பார்த்தாள், ஐந்து. ஏறினாள். மனசு கேட்காமல் மறுபடி இறங்கினாள், நான்கு. ஒவ்வொரு முறையும் நெவிலும் நிறுத்தி, ஜன்னல் வழியே தலையை நீட்டி, "ஓடுதா?" என்றான். தலைமுடி, புருவம், அயர்ன் செய்த சட்டை எல்லாம் ஒரே சிவப்பு.

"ஓடுது."

"நல்லது."

வாயை மூடிக்கொண்டிருந்தால் இது இப்படியே போய்விடும் என்று நினைத்தாள். அவன் தப்பு, அவனே ஒப்புக்கொண்ட தப்பு, சாட்சிக்கு ஒரு கிளைவ். இனி எந்தச் சண்டையிலும் எடுத்து வீசலாம். ஆனால் அவன் புழுதி தின்றுகொண்டே வந்தான். ஒரு தடவை இருமுவதைப் பார்த்தாள். அவன் எவ்வளவு புழுதி தின்ன வேண்டும், அதில் தன் தப்பின் பங்கு எவ்வளவு என்று மனசு கிடந்து அடித்துக்கொண்டது.

பண்ணையின் கேட் வந்தது. முன்வண்டிக்காரன் திறக்க வேண்டும், பின்வண்டிக்காரன் மூட வேண்டும், அது அங்கே எழுதாத சட்டம். ரோண்டா இறங்கித் திறந்தாள். வண்டியை உள்ளே விட்டாள். அவன் உள்ளே வந்து மூடுவதற்காக இறங்கியபோது, போகாமல் அவனிடம் வந்து நின்றாள்.

"நெவில், பிளக்கை அழுத்தினதால ஓடல."

"அப்புறம்?"

"நான் ஹைல வச்சிருந்தேன். பலமா ஓடும்னு. லோல வச்சதும் ஓடிடுச்சு. உன் வயரு ஒல்லிதான். ஆனா நான் பட்டனைத் தொடாம இருந்திருந்தா இவ்வளவும் இல்ல. என் தப்பு."

நெவில் கேட் சங்கிலியைக் கையில் பிடித்தபடி அவளைப் பார்த்தான். பிறகு தன் சட்டையைப் பார்த்தான். சட்டைப்பையைக் கவிழ்த்துத் தட்டினான். ஒரு கைப்பிடி செம்மண் கொட்டியது.

"அப்போ நான் இவ்வளவு தூரம்..."

"ஆமாம்."

"இதுக்காக... அயர்ன் பண்ணின சட்டை..."

அவனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. குனிந்து, முழங்காலைப் பிடித்துக்கொண்டு, கையை ஆட்டி ஆட்டிச் சிரித்தான். அதைப் பார்த்து அவளுக்கும் வந்தது. அடக்கப் பார்த்துக் கண்ணில் நீர் வந்து, புறங்கையால் துடைத்தாள்.

பண்ணை வீட்டிலிருந்து பார்த்தால் கேட்டருகே இரண்டு உருவம் தெரியும், பேச்சு கேட்காது. அப்பா கையை வீசுகிறார், அம்மா கண்ணைத் துடைக்கிறாள். டீகனுக்கு அது போதும். நான்கு சக்கர பைக்கை எடுத்துக்கொண்டு, தலைமுடியைச் சுருட்டிய கர்லர்களோடு, அவள் வந்த வேகத்தில் புழுதி அவளுக்கு முன்னால் வந்து சேர்ந்தது.

"இன்னிக்குக்கூடவா?" பைக்கை நிறுத்தாமலே கத்தினாள். "கேட்டைக்கூடத் தாண்டல, அதுக்குள்ளயா? என்ன ஆச்சு? யார் தப்பு?"

கேட்டபிறகுதான் தான் என்ன கேட்டோம் என்று அவளுக்கே உறைத்தது. வாயைப் பொத்திக்கொண்டாள்.

"என் தப்பு" என்றாள் ரோண்டா.

"என் தப்பு" என்றான் நெவில், அதே மூச்சில்.

டீகன் கையை வாயிலிருந்து எடுக்கவில்லை.

"நீ சும்மா இரு. ஹைல வச்சது நான்."

"வயரு ஒழுங்கா இருந்தா ஹைலயும் ஓடியிருக்கும்டி. வயரு யாருது?"

"நீ போட்டப்போ நல்லாத்தானே ஓடிச்சு? நான்தான் போய் நோண்டினேன்."

"நல்லா எங்க ஓடிச்சு? இத்தனை வருஷமும் திணறிக்கிட்டுத்தான் கிடந்திருக்கு, நமக்குத் தெரியல!"

"விட்டுக்குடுக்கவே மாட்டியாய்யா நீ?"

டீகன் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். சின்ன வயதிலிருந்து எத்தனையோ தீர்ப்புச் சொன்னவள், இந்த வழக்குக்கு என்ன சொல்வதென்று தெரியாமல் பிக்கப்பின் பின்பக்கம் போனாள். ஃப்ரிட்ஜ் முனகிக்கொண்டிருந்தது, மூன்று காட்டியது. மூடியைத் திறந்தாள். ரோண்டா குளிர் போய்விடும் என்று சொல்ல வாயெடுத்து, விட்டுவிட்டாள். டீகன் இரண்டு இறாலை எடுத்துத் தலையைக் கிள்ளி, தோலை உரித்தாள். ஒன்றை அம்மா வாயிலும் ஒன்றை அப்பா வாயிலும் திணித்தாள்.

இரண்டு பேரும் பேச முடியாமல் மென்றார்கள்.

"சில்லுனு இருக்கு" என்றான் நெவில்.

"அம்மா கொண்டுவந்தது" என்றாள் டீகன். பிறகு கேட்டை மூடினாள்.